பாதி வந்த எழுத்து

ஆறு வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய ஒரு மதிப்புரையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பழைய டெர்மினலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுற்றி வளைப்பதாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளவும். நேராகச் சொல்லிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அந்த நாலு வரியிலும் பொய் இருந்தது.

டெர்மினல் என்பது கம்ப்யூட்டர் அல்ல. ஒரு கண்ணாடித் திரை, ஒரு கீபோர்டு, பின்பக்கம் ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் வேறொரு அறையிலோ வேறொரு ஊரிலோ கம்ப்யூட்டர் இருக்கும். கணக்கு அங்கே நடக்கும். இங்கே எழுத்து மட்டும் தெரியும். ஒரே இயந்திரத்தைப் பத்துப் பேரோ நூறு பேரோ பங்கு போட்டுக்கொண்ட காலத்தின் சாதனம் அது. ஆளுக்கொரு இயந்திரம் வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

போன வருஷம் ஒரு பழைய சாமான் கடையில் இப்படி ஒன்று கண்ணில் பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-இல் வெளியிட்ட விடி220. பக்கவாட்டில் 4 என்று எழுதி ஒட்டிய காகிதம் மஞ்சளாகிக் கிடந்தது. எந்த அலுவலகத்தின் நான்காவது கவுண்ட்டரோ, தெரியாது. கடைக்காரர் எடை போட்டே விற்றார். எங்கள் கிளையின் ஹெட் கேஷியரிடம் அதன் படத்தைக் காட்டினேன். “இந்த மாதிரி ஒண்ணுலதான் தம்பி நாங்க முதமுதல்ல பாலன்ஸ் பாத்தோம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இதை எதுக்குக் காசு குடுத்து வாங்குனீங்க?” என்றும் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. பழைய பொருள்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இறந்த காலத்தைப் பற்றி உருகுகிறவர்களை நான் இதே பக்கங்களில் கேலி செய்திருக்கிறேன். ஆயினும் வாங்கிவிட்டேன். வாங்கினதை என் லேப்டாப்போடு இணைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அன்றே வந்துவிட்டது.

இணைக்க முடியும் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணம் எளிமையானது. லினக்ஸ் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற ஜன்னல். அது இன்றைக்கும் 1978-இல் வந்த விடி100-ஐயும் அதன் பின்வந்தவற்றையும் பார்த்து நடித்துக்கொண்டிருக்கிறது. திரையைத் துடை, குறியை இத்தனையாவது வரிக்கு நகர்த்து, தடித்த எழுத்தில் காட்டு என்ற ஆணைகளெல்லாம் அந்தப் பழைய டெர்மினல்களின் பாஷையிலேயே போகின்றன. நகல் பிழைத்திருப்பதால் அசலுக்கும் இன்னும் பேசத் துணை இருக்கிறது. இலக்கியத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும் என்று நாம் வழக்கமாகச் சொல்லி வருகிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பில் இருப்பது யூ.எஸ்.பி. துளை, டெர்மினலின் பின்னால் இருப்பது இருபத்தைந்து ஊசிகள் கொண்ட இணைப்பு. நடுவில் ஒரு மாற்றியும் ஒரு கேபிளும் போட்டேன். விளக்கு எரிந்தது, குறி சிமிட்டியது, அவ்வளவுதான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இருபத்தைந்தில் இரண்டாவது ஊசி டெர்மினல் பேசுவதற்கு; மூன்றாவது அது கேட்பதற்கு. கம்ப்யூட்டரும் தன்னை அதே விதமாகத்தான் பாவித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் நடுவில் ஒரு மோடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. மோடம் இல்லாமல் நேராகக் கோர்த்தால் வாயோடு வாயும் காதோடு காதும் சேர்ந்துவிடுகின்றன. இரண்டு கம்பிகளைக் குறுக்காக மாற்றிப் போட வேண்டும். அப்படி மாற்றிய கேபிளைத் தனியாகவே விற்கிறார்கள்.

இரண்டாவது ஞாயிறு குறுக்குக் கேபிள் போட்டதும் எழுத்துகள் வந்தன. எல்லாம் குப்பை. கேள்விக்குறிகள், அடைப்புகள், ஐரோப்பிய மொழிகளின் தலைக்குறி போட்ட எழுத்துகள். இது வேகத்தின் கோளாறு. ஒரு முனை விநாடிக்கு 9600 பிட் வீதம் அனுப்ப, மறுமுனை 4800 வீதம் கேட்டால், கேட்பவன் ஒரு பிட்டுக்குள் இரண்டைத் திணித்துக்கொள்கிறான். எஃப்3 விசையை அழுத்தினால் டெர்மினல் தன் அமைப்புப் பட்டியலைக் காட்டும். அதில் போய் வேகத்தை 9600 ஆக்கினேன். விநாடிக்கு 960 எழுத்து என்று கொள்ளலாம். இருபத்துநாலு வரி, வரிக்கு எண்பது எழுத்து, ஆக 1920 எழுத்துகள் கொண்ட முழுத் திரை நிரம்ப இரண்டு விநாடி. மேலிருந்து கீழாகத் திரை நிரம்புவதைக் கண்ணால் தொடர முடிகிறது.

அதன் பிறகு வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் அனுப்பியது. திரையில் எல், ஓ, ஐ, முக்காற்புள்ளி நான்கும் சுத்தமாக வந்தன. ஜி இருக்க வேண்டிய இடத்திலும் என் இருக்க வேண்டிய இடத்திலும் பிழைக்குறி. திரும்பத் திரும்ப அனுப்பினேன். அதே நான்கு சரி. அதே இரண்டு தவறு. கம்பி தளர்ந்திருந்தால் தவறு இடம் மாறும். இது மாறவே இல்லை.

ஆஸ்கி முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஏழு பிட், அதாவது ஏழு ஒன்று-பூஜ்யங்கள். சத்தம் மிகுந்த பழைய கம்பிகளில் பிழை கண்டுபிடிக்க எட்டாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். மொத்தம் ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி அதை நிரப்புவார்கள். இதற்குப் பாரிட்டி என்று பெயர். என் டெர்மினல் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது கவுண்ட்டர்க்காரர் கடைசியாக வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. லேப்டாப்போ அந்த வழக்கத்தையே விட்டுவிட்டது. எட்டாவது இடத்தில் சும்மா பூஜ்யத்தை அனுப்பியது. எல் என்ற எழுத்தில் இயல்பாகவே நான்கு ஒன்றுகள், ஓவில் ஆறு, ஐயில் நான்கு. அவை தேறிவிட்டன. ஜியிலும் என்னிலும் ஐந்தைந்து. அவை தள்ளப்பட்டன. அதாவது எழுத்துகளில் ஏறக்குறையப் பாதி, இரண்டு முனைகளுக்கும் உடன்பாடு இல்லாதபோதும் தற்செயலாகச் சரியாக வந்துவிடும்.

முழுக் குப்பை வந்தால் எவனும் அமைப்பைத்தான் சந்தேகிப்பான். ஒன்றுமே வராவிட்டால் கம்பியைச் சந்தேகிப்பான். பாதி சரியாக வந்தால் எதிராளியைச் சந்தேகிப்பான். நான் அன்று முக்கால் மணி நேரம் லேப்டாப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். என் தரப்புச் சரி என்பதற்கு அந்த நான்கு எழுத்துகள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

இப்போது மதிப்புரைக்கு வருகிறேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷமாகச் சிறு பத்திரிகைகளில் மட்டுமே எழுதியவர். தாமதமாக வந்த ஒரே தொகுப்பு. பெயர் வேண்டாம்; படித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தொகுப்பில் பதினோரு கவிதைகளில் ‘அச்சு’ என்ற சொல் வருகிறது. நான் அதை எடுத்துக்கொண்டு இரண்டு பாரா எழுதினேன். அச்சுக் கலாசாரத்தின் முன் நிற்கும் கவிஞனின் சோர்வு, பிரசுரம் பற்றிய ஏக்கம், தன்னைப் பற்றியே எழுதித் தீர்ந்துபோன நவீனத்துவம் என்றெல்லாம். பல வரிகளில் அந்த வாசிப்பு பொருந்தவும் செய்தது. பொருந்தாத வரிகளைச் ‘சப்தக் குப்பை’ என்றேன். அந்தப் பிரயோகத்தை ரசித்து இரண்டு நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். மூன்றாவதாக அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது.

அவர் எழுதிய அச்சு தறியில் இருப்பது. பாவு இழைகளைச் சீராக நிறுத்தி, நாடா போட்டு வரும் ஊடையை அடித்து நெருக்குகிற சீப்பு போன்ற கருவி. இது அகராதியிலும் இருக்கிறது. அகராதியைக்கூட விடலாம். நான் வேலை பார்க்கும் வங்கியில் நெசவாளர் கடன் விண்ணப்பங்களோடு வரும் விலைப்பட்டியலில் அந்தச் சொல்லை நானே படித்திருக்கிறேன். அச்சு இவ்வளவு, நாடா இவ்வளவு என்று கூட்டிச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்குத் தெரிந்த சொல் ராத்திரி பத்து மணிக்குத் தெரியாமல் போயிற்று. கவிதை என்று வந்தவுடன் இன்ன இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று யாரோ வைத்துவிட்டுப் போன ஏற்பாட்டில் நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தபாலட்டையை ஆசிரியருக்கு அனுப்பவில்லை. ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். அதுதான் விஷயம்.

டெர்மினலில் இன்னொன்று உண்டு, இந்த வெட்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அதில் நான் ஒரு விசையை அழுத்தினால் எழுத்து நேராகத் திரைக்குப் போவதில்லை. கம்பி வழியே கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரிகிறது. நான் பார்ப்பது நான் தட்டியதை அல்ல. எதிர்முனை கேட்டதாக ஒப்புக்கொண்டதை. எதிரொலி என்றே அதைச் சொல்கிறார்கள். கம்பி அறுந்தால் தட்டத் தட்டத் திரை வெறுமையாக இருக்கும். யாரும் கேட்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். விரும்பினால் அமைப்பை மாற்றி, எழுத்தைக் கம்பிக்கு அனுப்பும்போதே திரையிலும் காட்டச் செய்யலாம். அப்போது எதிர்முனையில் யாரும் இல்லாவிட்டாலும் திரை அழகாக நிரம்பிக்கொண்டே போகும். என் மதிப்புரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஏற்பாட்டில் எழுதப்பட்டவை.

இதையெல்லாம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். பதினாலு வருஷமாக வெளிநாட்டு மெயின்ஃப்ரேம் ஒன்றில் கோபால் மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்களைப் பராமரிக்கிறவர். நல்ல வாசகர். நான் மெயின்ஃப்ரேம் டெர்மினல் வாங்கியிருப்பதாகச் சொன்னதும் சிரித்தார். “உங்களுது மினி கம்ப்யூட்டரோட டெர்மினல். எங்களுது வேற ஜாதி” என்றார்.

அவர் சொன்ன ஜாதி ஐ.பி.எம். 1971-இல் அறிமுகப்படுத்திய 3270 வரிசை. பெரிய இயந்திரத்தின் நேரம் விலை உயர்ந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதை எழுப்பக் கூடாது என்பது அதன் அடிப்படை. இயந்திரம் முதலில் ஒரு படிவத்தைத் திரைக்கு அனுப்பும். எங்கே எழுதலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று கட்டம் கட்டமாக. நீங்கள் எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம். எல்லாம் உங்கள் பக்கத்திலேயே நடக்கும், அங்கே எதுவும் போகாது. என்டர் அழுத்தினால் மட்டும், மாற்றிய கட்டங்கள் மொத்தமாகப் போகும். பதில் வரும்வரை கீபோர்டு பூட்டிக்கொள்ளும். திரையின் அடியில் ஒரு பெருக்கல்குறி நிற்கும். என் டெர்மினல் பேச்சுத் துணை மாதிரி என்றால் இது மனு கொடுப்பது மாதிரி. வங்கிக்காரனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. செலான் நிரப்பிக் கொடுத்துவிட்டு டோக்கனோடு உட்கார்ந்திருப்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நண்பர் 3270 டெர்மினல் ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சென்னையில் அந்த வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓடும் நகல். அவர் வேலை செய்யும்போது கவனித்தேன். என்டர் என்று எழுதியிருக்கிற விசையை அவர் தொடவில்லை. வலப்பக்கக் கன்ட்ரோல் விசையைச் சுண்டு விரலால் அழுத்தினார். ஏன் என்று கேட்டால், “அப்படித்தான் பழக்கம், முதல் வேலையில சொல்லிக்குடுத்தாங்க” என்றார். அசல் கீபோர்டில் என்டர் விசை அந்த இடத்தில், கீழ்வரிசையில் இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம் இருந்தது. பார்த்திராத ஒரு கீபோர்டின் பழக்கம் அவர் விரலில் இருக்கிறது. மரபு என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிற விஷயம் இதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அசல் டெர்மினல்களையும் இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்கிறதைப் படித்தபோது எனக்கு வேண்டியது கிடைத்தது. என் இருபத்தைந்து ஊசி விவகாரம் அங்கே செல்லாது. 3270 டெர்மினல், கேபிள் டி.வி. கம்பியைப் போன்ற, 93 ஓம் மின்மறுப்பு கொண்ட ஒரு கம்பியில் விநாடிக்கு இருபத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிட் வேகத்தில் பேசுகிறது. பேசுகிறது என்றும் சொல்லக் கூடாது. கேட்டால் பதில் சொல்கிறது. டெர்மினலுக்கும் பெரிய இயந்திரத்துக்கும் நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஒன்று இருந்தது. 3274, பிறகு 3174. அது ஒவ்வொரு டெர்மினலையும் ஓயாமல் ‘உன்னிடம் ஏதாவது இருக்கிறதா’ என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். எந்த விசையை அழுத்தினார்கள் என்ற எண்ணை மட்டும் டெர்மினல் கொடுக்கும். அது எந்த எழுத்து என்று தீர்மானிப்பது நடுப்பெட்டி. மெயின்ஃப்ரேமின் எழுத்துக் கணக்கு எப்சிடிக் என்ற முறை. துளை அட்டைக் காலத்து வழக்கப்படி அதில் ஐக்கும் ஜேக்கும் நடுவில் எண்கள் தாவும். ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் இன்னொரு முறை தாவும். டெர்மினலின் திரைக்குள் இருக்கும் கணக்கோ வேறு. இரண்டையும் சேர்த்து வைத்ததும் நடுப்பெட்டிதான்.

இன்று டெர்மினல் கிடைக்கிறது. ஆர்வலர்கள் வீட்டில் வைத்திருக்கிறார்கள். மெயின்ஃப்ரேமும் ஒரு விதத்தில் கிடைக்கிறது. ஹெர்க்குலிஸ் என்ற மென்பொருள் 1999 முதல் சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் ஐ.பி.எம். பெரு இயந்திரங்களை நடித்துக் காட்டுகிறது. 1970களின் எம்.வி.எஸ். இயக்க முறைமை அதில் ஓடுகிறது. 3270 பேச்சை இணையக் கம்பியில் கொண்டுபோக டி.என்.3270 என்ற வழக்கமும் 1980களிலிருந்து இருக்கிறது. சிரமம் நடுப்பெட்டியில்தான். பெரியது, இரைச்சல் போடுவது, பார்க்க ஒன்றுமில்லாதது. வீட்டில் வைக்கத் தோதில்லை. ஆகவே ஆர்வலர்கள் சிலர் அந்தப் பெட்டியின் வேலையை ஒரு சிறிய மின்பலகைக்கும் ஒரு நிரலுக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பலகை அந்தக் கம்பியில் பழைய வேகத்தில் விசாரிக்கிறது. நிரல் எழுத்துகளைப் பொருத்துகிறது. டெர்மினலில் ஒரு திருகாணியையும் மாற்றவில்லை. அதற்கு ஐம்பது வருஷம் கழிந்தது தெரியாது. பழைய முனையைப் புதிய முனை மாதிரி ஆக்குவதல்ல அவர்கள் செய்தது. நடுவில் இருந்தவனின் வேலையை யாரும் கவனித்திராதபடியால், அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மெனக்கெட்டுக் கண்டுபிடித்தார்கள்.

விமர்சகன் செய்ய வேண்டியது இந்த நடுப்பெட்டி வேலை என்று எழுதிவிட்டு அடித்தேன். உவமை சௌகரியமாக வருகிறபோது சந்தேகப்பட வேண்டும் என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வேலையைச் செய்து பார்த்தேன்.

அவருடைய தொகுப்பை அந்த டெர்மினலில் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். பாரிட்டியை நீக்கி, எட்டு பிட்டாக அமைத்து, ஒரு கவிதையைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். இன்றைய யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்கள். ‘அ’ என்பது 224, 174, 133. விடி220-க்கு முதல் எண் தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து. மூன்றாவதான 133 அதற்கு எழுத்தே அல்ல. ‘அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போ’ என்ற ஆணை. மெய்யெழுத்தின் புள்ளி 224, 175, 141. இந்த 141 ‘ஒரு வரி மேலே ஏறு’ என்ற ஆணை. ஆகவே ‘அச்சு’ என்று அனுப்பினால் அகரத்தில் குறி ஒரு வரி கீழே விழுகிறது, புள்ளியில் மறுபடி மேலே ஏறுகிறது, இரண்டு வரியிலும் பிரெஞ்சு எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. குப்பை என்று தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு எண்ணுக்கும் தனக்குத் தெரிந்த பொருளை எடுத்துக்கொண்டு ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறது. அச்சு என்றதும் நான் அச்சகத்துக்கு ஓடியதும் இப்படித்தான்.

விடி220-இல் ஒரு வசதி இருக்கிறது. வெளியிலிருந்து 94 எழுத்து வடிவங்களை இறக்கி வைத்துக்கொள்ள இடம். தங்களுக்குத் தெரியாத எழுத்து எதுவோ வரக்கூடும் என்று 1983-லேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். காகிதத்தில் கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகர உயிர்மெய் பதினெட்டு, மெய் பதினெட்டு, உகரமும் ஊகாரமும் முப்பத்தாறு, கால், கொம்பு, விசிறி முதலிய துணைக்குறிகள் ஆறு. ஆகத் தொண்ணூற்றொன்று. மிச்சம் மூன்று. ஜ, ஷ, ஸ மூன்றுக்கும் கொடுத்தேன், ஹகரத்துக்கு இடமில்லை. தனித்தமிழ் அன்பர்கள் சந்தோஷப்படலாம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அகரத்தின் சுழி சிறிய கட்டத்துக்குள் அடங்கவே மாட்டேன் என்றது. ணகரம் மூன்று முறை வீணாயிற்று. லேப்டாப்பில் ஒரு சிறிய நிரல், வருகிற யூ.டி.எஃப்.-8 எண்களை இந்த 94-இல் ஒன்றாக மாற்றித் தரும். நண்பர் அதில் உதவினார். அழகு ஒன்றும் இல்லை. இகர விசிறி எழுத்தைவிட்டு விலகித் தனியாக நிற்கிறது. ஆனால் படிக்கலாம். வரி வரியாக வருகிறது.

அப்படி நாற்பத்தொரு கவிதைகளையும் தட்டச்சு செய்து திரும்பப் படித்தேன். திருத்தம் பின்வருமாறு.

பிரசுர ஏக்கத்தின் ஓய்ந்துபோன முனகல் என்று நான் வர்ணித்த ஒன்பதாவது கவிதை, அக்காள் பாவு பிணைப்பதைப் பற்றியது. பழைய பாவு நெய்து தீரும்போது அதன் நுனிகளை அச்சிலேயே விட்டு வைத்திருப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள், ஆயிரக்கணக்கான இழைகள். பிறகு இழுத்தால் பழையது புதியதை அச்சின் வழியே கூட்டிக்கொண்டு வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ‘சப்தக் குப்பை’ என்று நான் சுட்டிய ஐந்து வரிகளும் அக்காள் விரல் செய்கிற காரியத்தின் வரிசை என்பது ஸ்பஷ்டமாகத் தெரிகிறது. ஒரு சொல்கூட உபரி இல்லை. தமிழில் கடந்த நாற்பது வருஷத்தில் வேலையைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கவிதைகளில் அது ஒன்று என்று இப்போது நினைக்கிறேன். பன்னிரண்டு, பதினேழு, முப்பது ஆகியவற்றைப் பற்றி நான் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் வாபஸ் வாங்கவில்லை. கடைசிப் பகுதியில் உள்ள ஆறு கவிதைகள் இன்றும் பலவீனமானவையாகவே எனக்குப் படுகின்றன. அவை காட்டிவிட்டதைக் கடைசி வரியில் மறுபடி விளக்குகின்றன. தறிச் சொல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்தக் குறை மாறுவதில்லை. இந்த ஆறு பற்றி அவர் என்னோடு சண்டை போடலாம். அதற்கு இந்த முறை பதில் எழுதுவேன்.

இறக்கி வைத்த எழுத்துகள் மின்சாரம் இருக்கிறவரைதான் டெர்மினலுக்கு ஞாபகம் இருக்கும். அணைத்துவிட்டுப் போட்டால் தொண்ணூற்று நான்கையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை அதைச் செய்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அவருடைய தபாலட்டையை ஆறு வருஷம் தாமதமாக இங்கே பிரசுரிக்கிறேன். முழு வாசகம் இவ்வளவுதான்:

“மதிப்புரை பார்த்தேன். நான் அச்சு என்று எழுதியது தறியில் இருப்பது. புத்தகத்தில் இருப்பது அல்ல. இங்கே இன்னும் மழை இல்லை. மற்றபடி நலம்.”